காரீயம்

ஆகஸ்ட், திங்கட்கிழமை.
சனி ஞாயிறில் ஏரியில் செய்த பிழையெல்லாம்
வெர்மான்ட் மாநில இலச்சினை ஒட்டிய
என் கண்ணாடி ஜன்னலுக்கு வந்துசேரும் நாள்.
லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பிடிபட்டவன்,
பறவைத் தீனியைக் கரடி தின்றதற்கு
நஷ்டஈடு கேட்கும் பெண்மணி,
விறகு வெட்டும் சீட்டை மனைவி பெயரில் வாங்கிவிட்டு
விவாகரத்து ஆனதை இப்போது சொல்பவன்.

நான் யாரையும் திட்டுவதில்லை.
எண்ணைக் கூப்பிடுவேன்,
முத்திரை குத்துவேன்.

நாற்பத்தொன்று.
ஆர்மாண் தீபோ, எழுபதைத் தாண்டியவர்.
கையில் வனிலா ஐஸ்கிரீம் வாளி,
மூடிமேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு.
"வந்த காரியம்?" என்றேன்.
"காரீயம்" என்றார்.
காதில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

மூடியைத் திறந்தார்.
உறைந்துபோன லூன் பறவை.
முதுகில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கலையவில்லை.
சிவப்புக் கண் ஒன்று
என் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தது.

"மூன்று நாள் கரையோரமே சுற்றியது.
கூப்பிடவில்லை. முங்கவில்லை.
முங்காத லூன் என்ன லூன், சொல்லுங்கள்?"

படகுப் பதிவு என்னுடையது.
படிவத்தின் முதல் கேள்வி: படகு எண்.
பறவையைப் பார்த்தேன், கேட்கவில்லை.
வனவிலங்கு, அடுத்த ஜன்னல்.
வெர்னா எட்டிப் பார்த்து,
செத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்,
வயிற்றில் ஈயம் இருந்தால் அது கழிவு, என்றாள்.
கழிவுக்காரர்,
பழைய பெயிண்ட், பேட்டரி, பாதரச வெப்பமானி
சனிக்கிழமை எட்டு மணிக்கு வாங்குவோம்,
சிறகுள்ளது எதையும் வாங்குவதில்லை, என்றார்.
காட்டிலாகாவின் ஓட்டிஸ்
சாண்ட்விச்சை மென்றபடி சொன்னான்:
அது கூடு கட்டிய தீவு எங்களுடையது,
தீவைச் சுற்றியிருக்கும் தண்ணீர் எங்களுடையதில்லை.

ஒரு பறவையை
நாலு ஜன்னலாக வெட்டி வைத்திருக்கிறோம்.
அது தெரியாமல்
முழுசாகச் செத்திருக்கிறது.

அப்போதுதான் கிழவர்
சட்டைப்பையிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்தார்.
உள்ளே தூண்டில் குண்டுகள்,
பட்டாணி அளவில், மங்கிய சாம்பல் நிறத்தில்.
"தடை வந்த பிறகும் தூக்கிப் போட மனசு வரவில்லை.
ஜூனில் அந்தத் தீவுக்குப் பக்கத்தில்
என் நரம்பு அறுந்தது.
இரை அரைக்க அது கூழாங்கல் பொறுக்குமாம்.
கல்லுக்கும் இதற்கும் அதற்கு என்ன வித்தியாசம்?
ஒப்புக்கொள்வதற்கு எந்தப் படிவம்?"

இழுப்பறையில் நூற்றுப் பதினேழு படிவங்கள்.
வாத்து வேட்டைக்கு உண்டு,
கரையோர மரம் வெட்ட உண்டு,
மூழ்கிய படகைக் கைவிட உண்டு.
தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினேன்.
பின்னால் நாற்பத்திரண்டு இருமினார்.

வாளியை எங்கள் ஃப்ரீசரில் வைத்தேன்,
ஓட்டிஸின் பீட்ஸாவுக்குக் கீழே.
டப்பாவைத் தபால் தராசில் நிறுத்தேன்.
ஏன் என்று தெரியாது.
இருநூற்றுப் பதினோரு கிராம்.
ஒரு துண்டுச்சீட்டில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன்.
அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.
நாலாய் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆய்வகம் பேசியது.
இரைப்பையில் ஒரே ஒரு துண்டு,
பச்சைப் பெயிண்ட் மிச்சமிருக்கும் கொக்கித்தலை.
குண்டு இல்லை.
உடனே அவருக்கு போன் போட்டேன்,
நல்ல செய்தி சொல்லும் குரலை
எங்கிருந்தோ தேடி எடுத்து:
"மிஸ்டர் தீபோ, அது உங்களுடையதில்லை."

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"யாருடையது?"
"தெரியாது."
"அப்படியென்றால்
இன்னும் ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது"
என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் கராஜில்,
பனிவாரும் இயந்திரத்துக்குப் பின்னால்,
ஒரு தூண்டில் பெட்டி இருக்கிறது.
சனிக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பார்கள்.
நான் இன்னும் திறக்கவில்லை.